பனிக்குத் தொய்யும் தோல்

நோர்வூட் பாலத்தடியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் மூக்கில் படுவது எது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஸ்டோரிலிருந்து வரும் வாட்டிய கொழுந்தின் வாடை என்பார் ஒருவர். பேக்கரியில் அந்திக்கு வேகும் பாணின் வாசம் என்பார் இன்னொருவர். எனக்கு அது மிலாறு எரியும் புகை. கவ்வாத்து வெட்டிய மலையிலிருந்து பொம்பிளைகள் தலைச்சுமையாய்க் கொண்டுவந்து லயத்து அடுப்பில் திணிக்கும் குச்சி அது. ஈரம் முழுசாய்க் காய்ந்திருக்காது. கண்ணைக் கரிக்கும். அந்தக் கரிப்பு இல்லாமல் ஊர் ஞாபகம் எதுவும் எனக்கு வருவதில்லை. நீங்களும் அந்தப் பக்கத்து லயத்துப் பிள்ளையாயிருந்தால் இதற்குமேல் விளக்கத் தேவையில்லை.

அந்தப் புகைக்குப் பின்னாலேயே ஒரு சத்தமும் வரும். தப்புச் சத்தம்.

எங்கள் தோட்டத்தில் தப்பு இரண்டுதான். ஒன்று மேல் லயத்துத் தாத்தாவுடையது. மற்றது பணிய லயத்து மாமாவுடையது. தாத்தா அடிப்பது கேள்வி கேட்கிற மாதிரி இருக்கும், மாமா அடிப்பது பதில் சொல்கிற மாதிரி. இவர் ஓர் அடியைத் தூக்கி விடுவார். அது பள்ளத்தில் இறங்கி, கெசல்கமு ஓயாவைத் தாண்டி, எதிர்மலையில் முட்டித் திரும்பும் முன்னே அவர் பிடித்துக்கொள்வார். சின்ன வயதில் கம்பளிக்குள் சுருண்டு படுத்துக் கேட்கையில், மலைக்கே இரண்டு கை முளைத்து ஒரே தப்பை அடிக்கிறதென்று நினைத்துக்கொள்வேன்.

அப்பாயி சொல்லும், அவள் குமரியாயிருந்த காலத்தில் விடியற்காலை எல்லாரையும் எழுப்புவதே தப்புதானாம். அதற்குப் பிரட்டுத் தப்பு என்று பேர். இருட்டோடு இருட்டாய் அது கேட்டதும் எழுந்து, ரொட்டி சுட்டு, சாயத்தண்ணி ஊத்தி, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, கூடையும் படங்குமாய்ப் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் இல்லை. எங்கள் காலத்தில் அது மணியாகிவிட்டது. அதனால் எனக்குத் தப்பு என்றால் வேலைக்கு விரட்டுகிற சத்தமில்லை. மாசி மாதத்துச் சத்தம்.

மாசியில் மூன்றாம் பிறை பார்த்துக் காமன் கம்பம் நட்டால் பௌர்ணமி வரைக்கும் ராத்திரி ராத்திரி தப்புதான். நம் பக்கத்து மாசி உங்களுக்குத் தெரியுமே. பகலில் வெயில் பளீரென்று அடிக்கும். சிவனொளிபாத மலை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். ராத்திரியானால் குளிர் எலும்பைத் தொடும். சில விடியல்களில் பள்ளத்துக் கொழுந்தெல்லாம் பனியில் கருகி, யாரோ தீ வைத்ததுபோல் நிற்கும். அந்தப் பனிக்குத் தப்புத் தோல் தாங்காது. கொஞ்ச நேரம் அடிப்பதற்குள் தொய்ந்துவிடும். சத்தம் ஈரச் சாக்கில் அடிப்பதுபோல் ஆகிவிடும்.

அப்போது தாத்தா எழுந்துகொள்வார். கூத்து நடுவில் நின்றாலும் அவசரப்படமாட்டார். கருப்பந்தேயிலை மரத்தின் காய்ந்த சருகை இரண்டு கை அள்ளிப் போட்டு, மேலே மிலாறு வைத்து ஊதுவார். பச்சையும் தைலமுமாய் ஒரு வாசம் குப்பென்று எழும்பும். தப்பின் முகத்தை நெருப்புக்குக் காட்டி, சாய்த்து, மெதுவாய்ச் சுழற்றுவார். ரொட்டி திருப்புகிற மாதிரி. பிறகு காதோரம் வைத்து விரல் நுனியால் விளிம்பைச் சுண்டிப் பார்ப்பார். "இன்னும் தூங்குறா" என்பார். மறுபடி காட்டுவார், மறுபடி சுண்டுவார். மூன்றாவது தடவை தோல் கணீரென்னும். "முழிச்சிக்கிட்டா." சுற்றி நிற்கிற பிள்ளைகள் நாங்கள் சிரிப்போம். அதற்குள் மாமாவின் தப்பு அந்தப் பக்கத்திலிருந்து கூப்பிடத் தொடங்கியிருக்கும்.

ரதி வேஷம் கட்டுகிறவர் பகலில் கான் வெட்டுகிற ஆள். காமன் எரிந்த ராத்திரி அவர் தலைவிரித்து அழுதால், பொம்பிளைகள் முந்தானையை வாயில் பொத்திக்கொள்வார்கள். அந்த இடத்தில் தப்பு அடி மாறும். ஓட்டம் நின்று, ஒவ்வோர் அடியும் தனித்தனியாய் விழும். அப்பாயி கூத்தை எத்தனையோ வருஷம் பார்த்தவள். ஒவ்வொரு வருஷமும் அந்த இடத்தில் அழுவாள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்த ஞாபகம் பொய்யாகிவிடும். எங்கள் வீட்டில் தாத்தாவுக்குத் தேத்தண்ணி கொடுப்பது தனியாய் ஒரு தகரக் குவளையில். அது இஸ்தோப்புக் கூரையிடுக்கில் செருகியிருக்கும். அவரே எடுப்பார், குடித்துவிட்டு அவரே பீலியில் கழுவுவார், அவரே செருகிவிட்டுப் போவார். ஏழோ எட்டோ வயதில் ஒருநாள், இஸ்தோப்பில் சாய்த்து வைத்திருந்த அவர் தப்பை, குச்சியெடுத்து நான் தட்டிவிட்டேன். ஆசை, வேறொன்றுமில்லை. அப்பா வந்து கையைப் பிடித்துப் பீலிக்கரைக்கு இழுத்துப்போனார். அடிக்கவில்லை, திட்டவில்லை. கையைக் கழுவிவிட்டார். தாத்தா குவளையைக் கையில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தண்ணீரின் சில்லிப்பு இன்னும் என் விரலில் இருக்கிறது. அதன் பிறகு வெகுகாலம் நான் தப்பைத் தொட்டதில்லை.

மாமா குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. 1964 ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் அங்கே, 3,00,000 பேர் இங்கே என்று நம்மைத் தலை எண்ணிப் பிரித்தார்களே, அந்தக் கணக்கில் அவர்கள் தலைகளும் இருந்தன. கடுதாசி வந்து, பாஸ்போர்ட் வந்து, ஆடு மாடு விற்று, கடைசியில் ஒருநாள் விடிய அட்டன் ஸ்டேசனுக்குப் போனோம். மேடை முழுக்கத் தகரப் பெட்டியும், பாயும், அம்மியும். அம்மியைக்கூடக் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு. கோச்சி நகர்ந்ததும் உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் ஒப்பாரி எழும்பியது. எழுத்தாளர் மு. சிவலிங்கம் தன் கதைத் தொகுதிக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பேர் வைத்தார். அந்த மேடையில் நின்றவர்களுக்கு அந்தப் பேர் ஒன்றே போதும். தலைமன்னார் வரை கோச்சி, அங்கிருந்து இராமேஸ்வரத்துக்குக் கப்பல். 1984-ல் கப்பலும் நின்றுபோனது.

மாமா தப்பைக் கொண்டுபோகவில்லை. "அங்க போயி யாருக்கு அடிக்க?" என்று தாத்தாவின் கையில் கொடுத்துவிட்டார். அடுத்த மாசியில் தாத்தா தனியாய் அடித்தார். ஓர் அடியைத் தூக்கி விட்டு ஒரு கணம் நிறுத்துவார். எதிர்மலை திருப்பிச் சொல்லும். மாமா சொல்லமாட்டார். அந்த இடைவெளியை அவர் கடைசிவரை நிரப்பவேயில்லை. வருஷா வருஷம் அதை அப்படியே விட்டுவைத்தார்.

வேறு பாட்டும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன். பெரிய கிளாக்கர் வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலி. ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி', நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே'. கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால் அவைதான் முதலில். கித்தார் சத்தம் என்று ஒன்றை அதில்தான் முதன்முதலாய்க் கேட்டேன். பிறகு பள்ளிக்கூடம் முடிந்தது, கொழும்புக் கடை, பிறகு ஏஜென்சிக்காரர், பிறகு கத்தார். எல்லாரும் போன வழிதான்.

தோஹாவில் இண்டஸ்ட்ரியல் ஏரியா அறை. ஆறு கட்டில், மேலும் கீழுமாய். மலையில் பிறந்தவனுக்கு அந்த ஊரில் முதலில் தொலைந்துபோவது மேடு பள்ளம். எங்கே பார்த்தாலும் தட்டையாய் ஒரே மட்டத்தில் கிடக்கும். சத்தம் எதிலும் முட்டித் திரும்பாது. பல வருஷம் அப்படியே ஓடியது. 2018-ல் என் கட்டிலுக்குக் கீழே ஒரு தம்பி வந்து சேர்ந்தான். கூடலூர்ப் பக்கம், டேன்டீ தோட்டத்து லயத்தில் பிறந்தவன். வந்த மூன்றாம் நாள் குளியலறையில் தண்ணீர் நின்றுபோக, துண்டோடு வெளியே வந்து, "எங்கூருப் பீலி மாதிரி வருமாண்ணே?" என்றான்.

நான் கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். பீலி! அந்தச் சொல்லை எத்தனை வருஷமாய் அடுத்தவர் வாயில் கேட்கவில்லை. "நீ எந்தத் தோட்டம்?" என்று கேட்டேன். தன் தோட்டத்தின் பேரைச் சொன்னான். பிறகு மெதுவாய், "அம்மாயி சிலோன்ல பொறந்ததுண்ணே. எங்கள அங்க சிலோன்காரங்கன்னுதான் சொல்லுவாங்க" என்றான். எங்களை இங்கே என்ன சொன்னார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அவன் அம்மாயி டிக்கோயாப் பக்கம், வனராஜா என்று பிறகு தெரிந்தது. நோர்வூட்டுக்கு நடந்தே வந்து போகிற தூரம். கோச்சி, பிரட்டு, கொந்தரப்பு என்று அவளிடமிருந்து வந்த சொல்லெல்லாம் அவன் வாயில் இருந்தது. அந்த மலைகளை மட்டும் அவன் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமைதான் எங்களுக்கு ஓய்வு. துணி துவைத்துப் போட்டு, சோறாக்கிச் சாப்பிட்டுப் படுத்திருக்கையில், ஒருநாள் கீழேயிருந்து ஒரு காதுக்கான வயரை மட்டும் மேலே நீட்டினான். மற்றது அவன் காதில். "இதக் கேளுண்ணே. எங்காளுங்க." தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்.

அந்தக் குழுவை அவன் ஒரு சொந்தக்காரரைப்போல எனக்கு அறிமுகப்படுத்தினான். இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் தென்மாவும் சேர்த்துத் திரட்டியது. மொத்தம் 19 பேர். 2018 ஜனவரி 6-ஆம் தேதி சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. பேருக்குக் காரணம் அயோத்திதாசப் பண்டிதர். நூறு வருஷத்துக்கும் முன்னே அவர் சொன்ன சாதியற்ற தமிழர் என்ற எண்ணத்திலிருந்து எடுத்தது. அங்கே வடசென்னைச் சாவு வீட்டுக் கானாவில் வாசிக்கும் சட்டியும் கட்டமோளமும் பறையும் ஒரு பக்கம். டிரம்ஸும் கித்தாரும் மறுபக்கம். பாடுகிற பெண் இசைவாணி. ராப் சொல்கிற பையன் அறிவு.

முதல் தடவை கேட்டபோது எனக்குப் பாட்டு காதில் ஏறவில்லை. கித்தாரும் ஏறவில்லை. தோல் மட்டும் கேட்டது. காய்ச்சின தோல். "முழிச்சிக்கிட்டா" என்று என்னையறியாமல் வாய்விட்டுச் சொன்னேன். தம்பி என்னவென்று கேட்டான். இருட்டில் மேல் கட்டிலில் படுத்துக்கொண்டே அவனுக்குத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேன். நெருப்பு, கருப்பந்தேயிலைச் சருகு, மாமா, அட்டன் மேடை எல்லாம் சொன்னேன். தகரக் குவளையையும் சொன்னேன். பீலியில் கை கழுவியதையும். அவன் வெகுநேரம் ஒன்றும் பேசாமல், மறுபடி அதே பாட்டைப் போட்டான். இந்தத் தடவை கித்தார் கேட்டது. பறை ஓர் அடியைத் தூக்கி விட்டு நிறுத்துகிறது, அந்த இடைவெளியில் கித்தார் வந்து பதில் சொல்கிறது. நான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு வீடியோவும் காட்டினான். மேடையில் எல்லாரும் கோட்டு சூட்டுப் போட்டு நின்றார்கள். பறையடிக்கிறவரும் அப்படியே. தாத்தாவும் கோட்டுப் போடுவார். துரை போட்டுக் கழித்தது. முழங்கை தேய்ந்து, பித்தான் இல்லாமல், கயிறு கட்டியது. அந்தப் பையன்களின் கோட்டு அவரவர் அளவுக்குத் தைத்தது. தோள் மடிப்பு நேராய் விழுந்திருந்தது. நான் வீடியோவை நிறுத்தி நிறுத்தி அதைத்தான் பார்த்தேன்.

அந்த வருஷம் வந்த 'மகிழ்ச்சி' தொகுப்பு எங்கள் அறையின் வெள்ளிக்கிழமைப் பூசை மாதிரி ஆகிவிட்டது. ஒரு வயரில் இரண்டு காது போதாமல், சின்ன ஸ்பீக்கர் ஒன்று வாங்கினோம். நேபாளத்துப் பையன் ஒருவன், தமிழில் ஒரு சொல் தெரியாது, பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடியைப் பிடித்துக்கொண்டான். 2020 மார்ச்சில் கொரோனாவுக்காக இண்டஸ்ட்ரியல் ஏரியாவை மூடினார்கள். தெருமுனையில் பொலிஸ். வேலையுமில்லை, வெளியே போகவும் முடியாது. ஊருக்குப் போன் போட்டால் அம்மா அழும். அதனால் போனும் குறைந்தது. அந்த நாட்களில் சாயந்திரமானால் யாராவது ஒருவர் வாளியை எடுத்துவிடுவார். அடுத்த கட்டடத்திலிருந்து யாரோ தட்டைத் தட்டிப் பதில் சொல்வார்கள். முகம் தெரியாத ஆள். நாங்கள் நிறுத்தினால் அவர் அடிப்பார், அவர் நிறுத்தினால் நாங்கள். பணிய லயமும் மேல் லயமும்தான், வேறென்ன.

அடுத்த மார்ச்சில், 2021-ல், 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. அறிவு எழுதி, பாடகி தீயும் அவனும் பாடியது. உலகமெல்லாம் ஓடிய பாட்டு. நீங்களும் கேட்டிருப்பீர்கள். நாங்கள் அந்தக் குழுவில் பார்த்துப் பழகிய பையனின் பாட்டி வள்ளியம்மாளும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவள், ஒப்பந்தத்தில் திரும்பிப் போனவள் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தம்பி செய்தியை வாசித்துக் காட்டிவிட்டு, போனைக் கீழே வைத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டான். வெகுநேரம் தண்ணீர் சத்தம் கேட்டது. மூன்று வருஷமாய் அவன் பாட்டுக்குள் நானும், என் கதைக்குள் அவனும் தேடிக்கொண்டிருந்தது ஒரே கோச்சியில் ஏறிப் போனவர்களைத்தான். அன்றிரவு அவன் ஊருக்குப் போன் போட்டு, அம்மாயியின் காதில் அந்தப் பாட்டை வைத்தான். அவளுக்குப் பாட்டு விளங்கியதா தெரியாது. "யாரு பெத்த புள்ள இது?" என்று கேட்டாளாம்.

நான் ஊருக்குத் திரும்பியது ஒரு மாசியில். வேண்டுமென்றே மாசியாய்ப் பார்த்து வந்தேன். பாலத்தடியில் இறங்கினேன். மூக்கை விரித்து நின்றேன். பஸ் புகைதான் வந்தது. லயத்தில் பாதி வீட்டில் காஸ் அடுப்பு. மீதியில் ஆளில்லை. கொழும்பிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். மலைக்குப் போகிற பாதையில் தேயிலை ஆளுயரத்துக்கு மரமாகி நிற்கிறது. கவ்வாத்து வெட்டாத மலையில் மிலாறு எங்கிருந்து வரும்? கருப்பந்தேயிலை மரங்கள் வரிசையாய் நின்ற மேட்டில் அடிக்கட்டைகள் மட்டும். பலகைக்குப் போய்விட்டது என்றார்கள்.

தாத்தா போய் வெகுகாலம். அவர் சாவுக்கு அடிக்க ஆளில்லாமல் டவுனிலிருந்து சவுண்ட் செட் கொண்டுவந்தார்களாம். இதை அவர் பேரன் சொன்னான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். முச்சக்கர வண்டி ஓட்டுகிறான். அவன் வீட்டு இஸ்தோப்பில் ஆணியில் இரண்டு வட்டம் தொங்கியது. ஒன்றில் தோலே இல்லை, வெறும் மரச்சட்டம். மற்றதில் தோல் விளிம்போரம் கிழிந்து, நடுவில் கரும்பச்சையாய்ப் பூஞ்சணம். "எது தாத்தாட, எது அந்த மாமாட?" என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. "தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டேன். விசித்திரமாய்ப் பார்த்தான். எடுத்துக் கொடுத்தான்.

கையில் அத்தனை லேசாய் இருந்தது. காதோரம் வைத்து விளிம்பைச் சுண்டினேன். தூங்கிக்கொண்டிருந்தது. அவன் ஒரு பேப்பரைக் கொளுத்திக் கொண்டுவந்தான். இரண்டு பேரும் குந்தி உட்கார்ந்து முகம் காட்டினோம், சாய்த்தோம், சுழற்றினோம். கிழிசல் இன்னும் ஒரு விரற்கடை விலகியது. அவனுக்கு என் போனில் அந்தக் குழுவின் பாட்டைப் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டான். "இது நம்ம அடிதானே மாமா?" என்றான். முதல் அடியிலேயே கண்டுபிடித்துவிட்டான்.

காமன் நட்ட இடத்தில் இப்போது போன் கோபுரம். அதனால்தான் அங்கே சிக்னல் நன்றாய் இருக்கிறது. கோபுரத்தடியில் நின்று தம்பிக்குப் பேசினேன். அவன் இன்னும் தோஹாவில்தான். கொஞ்ச நேரத்தில் அவன் ஒரு குரல் பதிவை அனுப்பி வைத்தான். கூடலூரிலிருந்து அம்மாயி பேசியது. மூச்சு வாங்க, ஒவ்வொரு சொல்லாய் வந்தது.

"தம்பி, நோர்வூட்லயா நிக்கிற? காமனுக்கு இன்னும் ரெண்டு தப்பு அடிக்கிறாகளா, ஒண்ணுதானா?"

பீலிக்கரைக்கு இறங்கிப் போனேன். மூங்கிலுக்குப் பதில் பிளாஸ்டிக் குழாய் செருகியிருக்கிறார்கள். தண்ணீர் மட்டும் அதே தண்ணீர், அதே சில்லிப்பு. கையை நீட்டிக் கொஞ்ச நேரம் வைத்திருந்தேன். பிறகு போனைப் பக்கத்தில் பிடித்து, அது கல்லில் விழுகிற சத்தத்தை ஒரு நிமிஷம் பதிந்து அவளுக்கு அனுப்பினேன்.